பொதுக்கடன்

கொம்பனித் தெரு மஹ்ரூப் நானாவின் சாப்பாட்டுக் கடைக்கு
கடன் கொப்பி இனி வேண்டாமென்று
செயலி எழுதிக் கொடுத்தவள் நான்.
இருபத்தேழு வாடிக்கையாளர், ஒரே வகுப்பு.
ஆளுக்கொரு பொருள்,
பொருளுக்குள் கடன் என்றொரு மாறி.
ஒரு சனி, ஒரு ஞாயிறு, அவ்வளவுதான் வேலை.
பழைய கொப்பியை அவர் அன்றே கிழித்து
வடை சுற்றத் தொடங்கிவிட்டார்.

செவ்வாய் பதினொரு மணிக்கு ஃபோன்.
'மிஸ், எல்லாரும் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது
தரணும்னு காட்டுது.'
எல்லாருமா?
'எல்லாரும்.'

யூனியன் பிளேஸிலிருந்து வெயிலில் நடந்தேன்.
பேர வாவி நாறியது.

கல்லாவுக்கு முன்னால் ஒரு கூட்டம்.
தையல்கார டொமினிக் தன் கணக்கைப் பார்த்து
இருமுறை சிலுவை போட்டார்.
அன்று காலைதான் பெயர் பதிந்த பெடியன்,
ஒரு பிளேன்டீகூட இன்னும் குடிக்காதவன்,
பெயர் ஏறிய நொடியே பதினெட்டாயிரம்.
'இது புதுசா? நாங்க எல்லாரும் அப்பிடித்தானே பொறந்தோம்'
என்றார் டொமினிக்.
சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஆட்டோ ஜகத் ஐந்நூறு கட்டினான்.
இருபத்தேழு பேருக்கும் ஐந்நூறு குறைந்தது.
'அடோ, இன்னொருக்கா கட்டு!' என்று
பின்னாலிருந்து ஒரு குரல்.

மூலை மேசையில் மடிகணினியைத் திறந்தேன்.
பக்கத்தில் கொத்து தட்டும் சத்தம்,
வரிகள் கண்ணுக்குள் குதித்தன.
கடன் என்ற சொல்லுக்கு முன்னால்
ஸ்டாட்டிக்.
வேறொரு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியபோது
ஒட்டுண்ணிபோல் கூட வந்த சொல்.
அது முன்னால் நின்றால் மாறி ஆளிடம் இராது,
வகுப்பிடம் போய்விடும்.
ஒரே ஒரு பெட்டி. எல்லாக் கையும் அதற்குள்.

அழித்தேன். ஏழு விநாடி.
ஆளுக்கொரு கடன் திரும்பி வந்தது,
ஆளுக்கொரு பூச்சியமாக.

ஏனென்றால் பெட்டிக்குள் கூட்டுத்தொகை மட்டும்தான் கிடந்தது.
யார் எவ்வளவு என்பதை அது ஒருபோதும் அறிந்ததில்லை.

மேசை துடைக்க வந்த ஸரூக்கைக் கேட்டேன்,
உனக்கு ஏதும் நினைவிருக்கா?
அவன் வாயாலேயே கணக்குப் பார்ப்பவன்:
ரெண்டு பரோட்டா, ஒரு பருப்பு, ஒரு பிளேன்டீ, முந்நூற்றுப் பத்து.
திரும்பி அடுத்த மேசைக்கு நடக்கையில்
அந்த முந்நூற்றுப் பத்து உலகத்திலேயே இராது.
உள்ளக மாறி என்று பாடசாலையில் மனனம் செய்ததை
அன்றுதான் நடந்துபோகப் பார்த்தேன்.

வேறு வழியில்லை. ஒவ்வொருவராய்க் கேட்டோம்.
நீங்க எவ்வளவு தரணும்?
மஹ்ரூப் நானா முகம் பார்க்காமல் கேட்டார்,
நான் முகம் பார்க்காமல் தட்டினேன்.
காவலாளி சிறிபால விரல்விட்டு எண்ணினார்.
ஜகத் ஐந்நூறைக் கழித்துச் சொன்னான், சரியாக.
நெவில் இரண்டு பேர். ஒரு நெவிலுக்காக
மற்ற நெவில் வெட்கப்பட்டான்.

இரவு ஒன்பதரை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.
பெட்டியில் இருந்திருக்க வேண்டியது
பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
சொன்னதெல்லாம் சேர்ந்து
பதினெட்டாயிரத்து இருநூற்று எண்பது.

மறுபடி கூட்டினேன்.
முந்நூற்று இருபது ரூபாய் கூட.
குறையும் என்றுதான் இருவரும் பயந்திருந்தோம்.

'யாருடையது?'
தெரியாது நானா. ஒருத்தருடைய பொருளிலும் இதை வைக்க ஏலாது.

அவர் கல்லாவை ஒரு துணியால் நெடுநேரம் துடைத்தார்.
'காலையில் அழிச்சீங்களே ஒரு சொல்,
எல்லாருக்கும் ஒண்ணா ஆக்குற சொல்.
அது இன்னும் இருக்கா?'

இருந்தது. தட்டினேன்.
ஸ்டாட்டிக், இடைவெளி, மிச்சம், சமன், முந்நூற்று இருபது.
கையில் காசில்லாமல் வருகிறவருக்கு
ஸரூக் அதிலிருந்து கழிக்கலாம்.

போன கிழமை வேறொரு வேலையாய்ப் போனபோது
எட்டிப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறு நின்றது.
முந்தின கிழமை நாற்பதாம்.
யார் எடுத்தார், யார் போட்டார்,
அதைக் காட்டும் வரியை
நான் எழுதவில்லை.